பின்கட்டு அறையின் சாவி

"இராயப்பருக்கு மாமியார் இருந்தாங்களா இல்லையா, சாமி?"

கேட்டவன் கஸ்பார். பதினோரு வருஷம் பேங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்துவிட்டு, முப்பது வயசுக்கு மேல் குருமடத்தில் சேர்ந்தவன். சாமியார் ஆவதற்கு முந்தின படியான தியாக்கோன் பட்டத்துக்கு முன்னால் ஒரு மாசம் சலேத்து சாமியின் பங்குக்கோயிலில் தங்கிப் பழக அனுப்பியிருந்தார்கள். சாமிக்கு இவனைவிட ரெண்டு வயசுதான் கூட.

"இருந்தாங்க" என்றார் சலேத்து. "அவங்களுக்குக் காய்ச்சல் வந்து இயேசு குணமாக்கினாரே, பைபிள்லயே இருக்கு."

"அப்ப முதல் போப்புக்கே சம்சாரம் இருந்திருக்கு. ஆயிரம் வருஷம் எத்தனையோ சாமியார்கள் பிள்ளைகுட்டியோட பூசை வச்சிருக்காங்க. அப்புறம்தானே ஆயர்கள் பொதுச்சங்கம் கூடி, சாமியாருக்குக் கல்யாணம் கூடாதுன்னு இறுக்கினாங்க? கோயில் நிலம் பிள்ளைகளுக்குப் போயிடுமேன்னு செஞ்சாங்கன்னு ஒரு கட்சி. மனசு ரெண்டாப் பிரியக் கூடாதுன்னு செஞ்சாங்கன்னு ஒரு கட்சி. கிழக்குத் திருச்சபைகள்ல இன்னைக்கும் கல்யாணமான சாமியார் இருக்காங்க. எதுதான் சரி?"

"காய்ச்சல் விட்டதும் அந்தம்மா என்ன செஞ்சாங்க?"

"எழுந்து பணிவிடை செஞ்சாங்க."

"அப்ப நீயும் எழுந்து சோத்தை எடுத்து வை. பசிக்குது."

கஸ்பாருக்கு எரிச்சலாக வந்தது. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாத ஆளை அவன் நம்பவே மாட்டான்.

அவன் அவசரம் அவனுக்கு. மணமுடிக்காமல் வாழ முழுமனதோடு சம்மதிக்கிறேன், யாரும் வற்புறுத்தவில்லை என்று பட்டம் வாங்குகிறவன் தன் கையாலேயே எழுதி மறைமாவட்ட ஆயருக்குத் தர வேண்டும். டைப் அடித்துக் கொடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

'முழுமனதோடு' என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிடும். மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

அப்போதுதான் பின்கட்டு அறை அவன் கண்ணில் பட்டது.

எப்போதும் பூட்டு. சாவி சாமியின் இடுப்பில். தினம் சாப்பாடு ஆனதும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். ஒரு மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வெளியே வருவார். ஒருநாள் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு குரலா, ரெண்டு குரலா என்று கதவில் காதை வைத்தும் தெரியவில்லை.

சமையல்கார சிலுவையம்மாவிடம் கேட்டான்.

"எனக்கெதுக்கு வம்பு பிரதர்" என்று அந்தம்மா வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போதாதா? அன்றிலிருந்து ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பாமல், அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாரம் ஜெபம் பண்ணினதைவிட வேவு பார்த்ததுதான் அதிகம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

"உள்ள யார் சாமி?"

சலேத்து கோபப்படவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"திறந்து பாரு."

கஸ்பார் பூட்டில் சாவியை நுழைத்தான்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுத் திற. உள்ள ஒருத்தி இருந்தா, உனக்குக் கோபம் வருமா, நிம்மதி வருமா?"

கோபம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் பேங்கில் பக்கத்துக் கவுன்ட்டரில் இருந்த ரெஜினா நினைவுக்கு வந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்ததும் மூடியில் பாதியை வைத்து இந்தப் பக்கம் தள்ளுவாள். பேங்கை விட்டு எட்டு வருஷமாகியும் அவன் அதை மறக்கவில்லை.

பிறகு சாவியைத் திருப்பாமலே உருவினான்.

"நிம்மதி, சாமி" என்றான்.

சலேத்து சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். மேஜைமேல் கிடந்த வெற்றுத் தாளை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"நிம்மதின்னு சொன்னியே, ஆயருக்கு அதை எழுது. உன் கையாலயே."