பன்றி தின்ற நாற்பது படி

பூங்கோதை அம்மாவுக்கு வயது முப்பத்தாறு. அவருடைய சீடர் தணிகாசலத்துக்கு ஐம்பத்திரண்டு. ஆத்தூரில் டயர் கடை வைத்திருப்பவர். மனைவி சொல்வதைக் காதில் வாங்காத மனிதர், கல்வராயன் மலையடிவாரத்தில் சின்னதாக ஓர் ஆசிரமம் நடத்தும் இந்த அம்மா சொன்னால் மட்டும் கேட்பார். கேட்பாரே தவிரச் செய்யமாட்டார் என்பது மனைவியின் கட்சி.

அன்று ஆசிரமத்துக் கொல்லையில் நிலக்கடலைச் செடிகளைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தணிகாசலம் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார்.

"அம்மா, ஒரு நியாயம் கேக்கணும்."

"கேளுங்க."

தணிகாசலத்தின் பள்ளித் தோழன் அல்போன்ஸ், போக்கர் என்ற சீட்டாட்டத்தில் கெட்டிக்காரன். கோவாவில் நடக்கும் போட்டிகளுக்குப் போய்வருகிறவன். நுழைவுத் தொகை கட்ட அவன் கையில் பணம் இல்லை. தணிகாசலம் கட்டுவது, ஜெயித்தால் ஆளுக்குப் பாதி என்று ஆறு மாதம் முன்பு இருவரும் பேசிக்கொண்டார்கள்.

"தோத்தா?" என்று கேட்டார் பூங்கோதை.

"அதையும் எழுதியிருக்கேம்மா." பெருமையாகவே படித்தார். "பழைய நஷ்டம் முழுசா அடையற வரைக்கும், ஜெயிக்கிறது பூரா எனக்கு. அதுக்கப்புறம்தான் பாதி பாதி."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. கையெழுத்துப் போட்டான்."

"இப்ப?"

தணிகாசலத்தின் குரல் இறங்கியது. "நாலு போட்டி தோத்துட்டான். ஒரு மாசமா போன் எடுக்கறதில்ல. தெருவுல என்னைப் பாத்தா சந்துல திரும்பிப் போயிடறான். காசு போனாப் போகுதும்மா. அவன விட்டா மனசு விட்டுப் பேச எனக்கு வேற ஆள் கிடையாது. இந்தக் காகிதத்துல என்ன தப்பு இருக்கு?"

பூங்கோதை காகிதத்தை வாங்கவில்லை.

"உக்காந்து கடலை ஆயுங்க. பத்துப் படி ஆஞ்சா ஒரு படி உங்களுக்கு. இங்க எல்லாருக்கும் அதான் கூலி."

தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு. போன மாசம் நீங்க காவல் இருந்த அன்னைக்குப் பன்னி பூந்து நாப்பது படிக் கடலை போச்சு. உங்க கூலியில அந்த நாப்பது படியும் கழிஞ்சப்புறம்தான் உங்க கைக்கு வரும்."

"பன்னி வந்ததுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்? டார்ச் அடிச்சேன், தகரம் தட்டினேன், தொண்டை கிழியக் கத்தினேன்."

"உங்க காவல்லதானே வந்துச்சு?"

தணிகாசலம் ஒரு செடியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார்.

முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காகத்தான் ஆய்ந்தார். பிறகு மனம் கணக்குப் போட்டது. பத்துக்கு ஒன்று என்றால், நாற்பது கழிய நானூறு படி ஆய வேண்டும். பக்கத்தில் இருந்த பெண்கள் மதியத்துக்குள் ஆளுக்கு இரண்டு படி கூலியைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டார்கள். அவருடைய பை தட்டையாகக் கிடந்தது.

மதியத்துக்கு மேல் அவர் கை வேறு மாதிரி வேலை செய்தது. பிஞ்சும் கூடையில் விழுந்தது, பருப்பில்லாத பொக்கும் விழுந்தது. காயில் ஒட்டியிருந்த மண்ணை அவர் தட்டவில்லை. படி என்னவோ சீக்கிரம் நிறைந்தது.

பக்கத்திலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "அய்யா மண்ணுக்கும் சேத்துக் கூலி கேப்பாரு போல."

எல்லாரும் சிரித்தார்கள். பூங்கோதை சிரிக்கவில்லை. கூடைக்குள் கைவிட்டு ஒரு மண்கட்டியை எடுத்தார்.

"கடையிலயும் இப்படித்தான் வியாபாரமா?"

தணிகாசலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "முப்பது வருசத்துல ஒரு பழைய டயரைப் புதுசுன்னு வித்ததில்லம்மா." அது உண்மை. ஆத்தூரில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். "நானூறு படிம்மா. எப்படி ஆஞ்சாலும் இன்னைக்கு எனக்கு ஒண்ணும் கிடையாது. அப்புறம் காய் எப்படிப் போனா என்னன்னு…"

அதோடு நிறுத்திக்கொண்டார். சட்டைப் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார். அதிலும் இதே கணக்குதான். வெட்கமாக இருந்தது. அல்போன்ஸை நினைத்தபோது வெட்கத்தைவிடத் துக்கம் அதிகமாக இருந்தது.

"அப்ப, எதுவும் எழுதாமலே பணத்தக் குடுத்துடட்டுமாம்மா?"

"எழுதணும். அவரையும் கேட்டு எழுதணும்."

"போன் எடுக்க மாட்டானே."

பூங்கோதை இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார். "என் நம்பர்ல இருந்து அடிங்க."

இரண்டாவது மணியிலேயே அல்போன்ஸ் எடுத்துவிட்டான். "அலோ, யாருங்க?"

"நாந்தான்டா. வச்சிராத. பழைய நஷ்டத்தக் கணக்குல இருந்து அடிச்சுட்டேன். அடுத்த போட்டியில இருந்து புதுசா ஆரம்பிக்கலாம்."

"ஓசிக் காசுல நான் ஆட மாட்டேன்டா."

"ஓசி இல்லடா. ஜெயிச்சா என் பாதிய விட மாட்டேன். போனது என்னோட போகட்டும். நீயும் ஒரு கண்டிஷன் சொல்லு. இந்தக் காகிதத்துல இருக்கறதெல்லாம் நான் சொன்னதுதான்."

வைத்துவிட்டானோ என்று தணிகாசலம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"இருக்கேன்டா," என்றான் அல்போன்ஸ். "உன் நஷ்டத்த ஒரே நாள்ல எடுத்துடணும்னு, ஆடக்கூடாத சீட்டையெல்லாம் ஆடினேன். நான் அப்படி ஆடற ஆள் இல்ல. உன் மூஞ்சிய எப்படிடா பாக்கறது? ஒரே ஒரு கண்டிஷன். வரிசையா மூணு போட்டி தோத்தா நீ என்னை நிறுத்தணும். நானா ஆட்டத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்."

"மூணு எப்படிடா பத்தும்? நாலு வச்சுக்க."

"மூணுதான்."

"சொன்னாக் கேளுடா. நாலு."

"போறது உன் காசுடா மடையா. மூணு!"

கடலை ஆய்ந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும் அளவுக்கு இருவரும் சண்டை போட்டார்கள். கடைசியில் மூன்று என்று முடிந்தது. காலையில் அவன் வீட்டுக்கே வந்து எழுதிக்கொள்வதாகத் தணிகாசலம் சொன்னார். அந்தப் பக்கம் அல்போன்ஸ் சிரித்தது இங்கே வெளியில் கேட்டது.

தணிகாசலம் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"மூணுன்னு முடிஞ்சுதும்மா. இந்த ஒப்பந்தமாவது நியாயமா இருக்கா?"

"நாலு வேணும்னு நீங்க யாருக்காகக் கேட்டீங்க?"

"அவனுக்காக."

"மூணு போதும்னு அவர் யாருக்காகச் சொன்னார்?"

"எனக்காக," என்ற தணிகாசலம் பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.