பதினாறு மண் ஜாடியும் ஒரு குண்டா ஆயிலும்

பேராச்சிக்கு நடந்தது பச்சை அநியாயம். கார் அவளுடையது, பெரியம்மா துபாய்க்குப் போகும்போது அவள் பேருக்கே எழுதிக் கொடுத்தது. கியர் தானாக மாறும் வண்டி. மாறும்போதெல்லாம் விக்கல் எடுத்தது. கியர் ஆயில் கெட்டுவிட்டது என்று கண்டுபிடித்தது அவள், புது ஆயில் வாங்கி வந்தது அவள். ஞாயிற்றுக்கிழமை காலை பாயை விரித்து வண்டிக்கு அடியில் தலையை நுழைத்ததும் பெரியப்பா அய்யாத்துரை பதறிப்போனார்.

“ஏட்டி, வயசுப்பிள்ளை காருக்கு அடியில மல்லாக்கப் படுக்கிறதா? எந்திரி. ஆம்பிளைங்க நாங்க எதுக்கு இருக்கோம்?”

அதே கேள்விதான் பேராச்சிக்கும். பெரியப்பா, அப்பா செல்லப்பா, சித்தப்பா வெயிலுமுத்து, மூவருக்கும் ஆம்பிளை என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது.

மறுநாள் பத்து மணிக்குத் திருநெல்வேலியில் அவளுடைய முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு. ஆய்வுக்குச் சேகரித்த கரிசல் மண்ணைப் பதினாறு கண்ணாடி ஜாடியில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது. வாதாடிப் பார்த்துத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: ‘வீட்டிலேயே கியர் ஆயில் மாற்றுவது’.

தலைப்பிலேயே ஆரம்பித்தது வினை.

“பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கவும்,” என்று வாசித்தார் அப்பா.

“வீட்டிலேயேன்னு போட்டிருக்காள்லா? கேட்டைத் தாண்டக் கூடாது,” என்றார் பெரியப்பா.

ஷெட்டில் நாலடி இடம் இருந்தது. நாலடி முன்னே, நாலடி பின்னே. அப்பா ஓட்ட, சித்தப்பா “வரலாம், வரலாம்” என்று கைகாட்டினார். மதியச் சாப்பாட்டுக்குள் அரைக் கிலோமீட்டர் ஆனது. அப்பாவுக்குக் கழுத்து திரும்பவில்லை. சித்தப்பா பானெட்டைத் தொட்டுக் கையை உதறியதால், போதும் என்று தீர்மானமாயிற்று.

அடுத்தது, ‘சமதளத்தில் நிறுத்தவும்’. சித்தப்பா மேஸ்திரி வீட்டில் ரசமட்டம் வாங்கிவந்து காரின் கூரைமேல் வைத்தார். கூரையோ வளைவு. குமிழி இடது பக்கம் ஓடினால் வலது சக்கரத்துக்குச் செங்கல், வலது பக்கம் ஓடினால் இடது சக்கரத்துக்கு. மூன்று மணிக்கு நாலு சக்கரத்துக்கும் செங்கல் ஏறி, கார் காலையில் நின்ற மாதிரியே, ஒரு செங்கல் உயரத்தில் நின்றது.

“இப்பதான் பார்க்க நேரா இருக்கு,” என்றார் அப்பா, கோணிய கழுத்தோடு.

ஆயிலை வடித்தார்கள். பொங்கல் குண்டாவில் கன்னங்கரேலென்று தீய்ந்த வாடையோடு விழுந்தது. தாளில் பேராச்சி இரண்டு கோடு போட்டிருந்த வரி அடுத்தது: ‘எவ்வளவு வடிந்ததோ, சரியாக அவ்வளவே ஊற்றவும். கூடினாலும் குறைந்தாலும் கியர்பெட்டி போய்விடும்.’

மூவரும் குண்டாவைச் சுற்றிக் குந்தினார்கள்.

“நாலு லிட்டர் இருக்கும்ணே,” என்றார் சித்தப்பா.

“இருக்கும்னா? ரெண்டு கோடு போட்டிருக்காளே!” என்றார் பெரியப்பா.

“படியால அளந்தா?”

“படியில ஒட்டுறதை யார் கணக்குல வைப்பா?”

“பிள்ளைகிட்டயே கேட்டா என்ன?” என்றார் அப்பா.

மற்ற இருவரும் பார்த்த பார்வையில் அவர் அடங்கிவிட்டார்.

பெரியப்பா நெடுநேரம் கண்ணை மூடி யோசித்தார். பிறகு எழுந்தார்.

சாயங்காலம் பேராச்சி வெளியே வந்தபோது மூவரும் கைகழுவிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். சாவியைப் போட்டுக் கியரைத் தள்ளினாள். ஒரே விக்கலில் வண்டி செங்கலை விட்டுக் குதித்து இறங்கியது. பின்சீட்டில் ஏற்றியிருந்த பதினாறு ஜாடியும் கடகடத்தன.

“முந்தி மாதிரியேல்லா குலுங்குது!”

“அப்போ அளவு கச்சிதம்,” என்றார் சித்தப்பா.

“புது ஆயில் எங்கே?”

“சீல் பிரிக்கல. பீரோவுல பத்திரமா இருக்கு. சரியாக அவ்வளவேன்னு எழுதியிருந்தியே, அதான் வடிஞ்சதையே திருப்பி ஊத்திட்டோம். ஒரு சொட்டு கூடல, குறையல.”

“அதையே ஊத்தறதுக்கு எதுக்குப் பெரியப்பா வடிச்சீங்க?” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் பேராச்சி.

பெரியப்பா தம்ளரைக் கீழே வைத்தார். அவளை உண்மையான கவலையோடு பார்த்தார்.

“வடிக்காம எவ்வளவு இருந்துச்சுன்னு எப்படித் தாயீ தெரியும்? நாளைக்கு அங்க போயி இப்படிக் கேள்வி கேட்டு வைக்காதே, பட்டம் தர மாட்டாங்க.”