முதல் ஏட்டில் நான்காவது வரி

“மூணாவது தடவையும் திருப்பிட்டீங்களேம்மா” என்றார் மருதையன்.

அவர் கொத்தனார். வயது ஐம்பத்திரண்டு. எதிரே உட்கார்ந்திருந்த உமையாளுக்கு முப்பத்து நான்கு. இருந்தாலும் அவர்தான் மாணவர், அவள்தான் குரு. நாட்டின் கட்டட நூலில் புதிதாக ஒரு வரி சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் போடுகிறவர், அது ஏறும்வரைக்கும் நூலைக் காப்பவரிடம் மாணவராக இருக்க வேண்டும். அந்த நாட்டு வழக்கம் அப்படி. முக்கால்வாசிப் பேர் ஒரு மாதத்திலேயே சலித்துப்போய் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். மருதையன் எட்டு மாதமாக வந்துகொண்டிருந்தார்.

நூலில் நாலாயிரம் விதிகள் உண்டு. சுவரின் கனம், அடுப்பின் இடம், உத்தரத்தின் நீளம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் முதல் ஏட்டில் மூன்றே வரிகள்தான்.

வீடு விழக்கூடாது.

வீடு எரியக்கூடாது.

வீட்டுக்குள் வெள்ளம் புகக்கூடாது.

மற்ற விதிகளெல்லாம் இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எதையும் பிடிக்காத விதியை அடித்துவிடுவார்கள். மூன்றாவது வரியின் மை மட்டும் கொஞ்சம் புதிது. ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகு ஏறியது அது.

அந்த மூன்றாவது வரியால்தான் மருதையனுக்குத் தொல்லை. வெள்ளம் புகாமலிருக்க எல்லா வீட்டுக்கும் ஒரு முழ உயரத்தில் வாசற்படி வேண்டும். அதை ஒட்டி உள்ளேயோ வெளியேயோ எதுவும் கட்டக்கூடாது. முப்பது வருஷமாக அவரே அப்படி நூற்றுக்கணக்கில் படி வைத்திருக்கிறார். மருதையன் வைத்த படி மயிரிழை பிசகாது என்று ஊரில் பெயர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விஷக்காய்ச்சலில் அவர் மனைவி செவந்திக்கு இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. மருதையன் அவளுக்குச் சக்கரம் வைத்த பலகை ஒன்று செய்து கொடுத்தார். அதில் வீடு முழுக்க உருண்டு வருவாள். வாசற்படி வந்ததும் நின்றுவிடுவாள், அதற்கப்பால் இருந்த கதவுத் தாழ் கைக்கு எட்டாது.

ஒருநாள் அவர் துணிந்து, படிக்கு உள்ளும் புறமும் சரிவு கட்டினார். மேற்பார்வை அதிகாரி வந்து பார்த்தார். மோசமான மனிதர் இல்லை, வருத்தப்பட்டுக்கொண்டேதான் இடிக்கச் சொன்னார். மருதையன் தன் கையாலேயே இடித்தார். செவந்தி பலகையில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஏட்டை, எல்லா ஊர்ப் பெரியவர்களும் கூடும் மன்றம் ஏழு வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறக்கும். வருகிற தை மாதம் திறக்கப் போகிறார்கள். அதை விட்டால் செவந்தி இன்னும் ஏழு வருஷம் உள்ளேதான்.

*

முதல் விண்ணப்பத்தில், வாசற்படியை ஒட்டிச் சரிவு கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்.

“எதுக்கு?” என்று கேட்டாள் உமையாள்.

“ஏறி இறங்கத்தான்.”

“எதுக்கு ஏறி இறங்கணும்?”

மருதையனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெண் குருவிடம் கோபத்தைக் காட்டத் தெரியாமல் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

“சரிவுன்னு எழுதினா காலத்துக்கும் சரிவு மட்டும்தான் கட்டுவாங்க” என்றாள் உமையாள். “நாளைக்கு ஒரு கொத்தனார் இதைவிட நல்லதா ஒண்ணு யோசிச்சா அதை இடிக்கச் சொல்வாங்க. இந்த ஏட்டில ‘எப்படி’ வராது. ‘எதுக்கு’ மட்டும்தான் வரும்.”

இரண்டாவது விண்ணப்பத்தில், வீட்டில் இருப்பவர்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எழுதினார். உமையாள் எழுந்து போய்ச் சுவரைத் தட்டிக் காட்டினாள்.

“இதால முடியுமா?”

முடியாது என்று அவருக்கே தெரிந்தது.

மூன்றாவதில் மனத்தில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டார். என் மனைவி செவந்தி வெளியே போய் வர வேண்டும்.

உமையாள் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். அப்புறம் அதையும் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் மருதையன் பொறுக்கமாட்டாமல் கேட்டார், மூணாவது தடவையும் திருப்பிட்டீங்களே என்று.

“மலைமேல வீடு இருக்கற ஒருத்தரு, என் வாசலை நான் ஏன் இடிச்சுக் கட்டணும்னு கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்?” என்றாள் அவள்.

மருதையன் விண்ணப்பத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

“போய்க் கதவைத் தட்டுங்க.”

“யார் வீட்டுக் கதவை?”

“கண்ணில படற கதவையெல்லாம். திறக்கற வரைக்கும் நில்லுங்க. உள்ளேயிருந்து என்ன சொல்றாங்களோ, அதை அவங்க வார்த்தையிலேயே எழுதிட்டு வாங்க.”

*

செவந்தியை வீட்டிலேயே, அவள் தங்கை வீட்டாரின் பார்வையில் விட்டுவிட்டுப் புறப்பட்டார். நாற்பது நாள், ஒன்பது ஊர். கால் வெடித்து, முகம் கறுத்துப் போய்த் திரும்பி வந்தார்.

பெரும்பாலான கதவுகள் தட்டியதும் திறந்தன என்றார். சிலர் மோர் கொடுத்தார்கள், சிலர் நாயை விட்டார்கள். ஆனால் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒன்றிரண்டு கதவுகள் திறக்கவேயில்லை. உள்ளே ஆள் இருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததில் தெரிந்தது. ஓர் ஊரில் படியேறக் கூடாதென்று மருத்துவச்சி சொல்லியிருந்த பிள்ளைத்தாச்சி. ஓர் ஊரில் சண்டையில் காலை இழந்த சிப்பாய். இன்னோர் ஊரில் முட்டி மடங்காத வாத்தியார்.

“முதல் ஊர்லதான் எழுதினேன். அப்புறம் எழுதலை. எல்லாரும் ஒண்ணேதான் சொன்னாங்க. தெருப் பேருக்குக் கீழே கோடு மட்டும் போட்டுக்கிட்டு வந்தேன்.”

தான் கொண்டுபோன ஏட்டை நீட்டினார். முந்நூற்று நாற்பது கோடுகள்.

“என்ன சொன்னாங்க?”

“வீட்டில யாரும் இல்லைங்க, அப்புறமா வாங்கன்னு.”

“சொன்னது யாரு?”

மருதையன் கோடுகளை இன்னொரு தடவை பார்த்தார்.

உமையாள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“நீங்க ஊர்ல இல்லாதப்ப நானும் ஒரு கதவைத் தட்டினேன். உங்க வீட்டுக் கதவை.”

செவந்தி என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷமாகத் தான் வேலைக்குப் போன பகலிலெல்லாம் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள் என்று அவருக்குப் புரிந்தது. அத்தனை பெரிய மனிதர் குருவின் முன்னால் உட்கார்ந்து விசும்பி அழுதார். உமையாள் அவரை அழவிட்டாள். பிறகு எழுதுகோலை எடுத்து அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

நான்காவது விண்ணப்பம் ஒரே வரி. வீட்டில் இருப்பவர் யாராயினும் தம் வாசலுக்குத் தாமே வர முடிய வேண்டும்.

உமையாள் படித்தாள்.

“ஒரு வீடு இப்படி இருக்கான்னு எப்படிச் சோதிக்கிறது?”

“கதவைத் தட்டினாப் போதும்” என்றார் மருதையன்.

இந்தத் தடவை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

*

தை மாதம் மன்றம் கூடியது. ஆற்றங்கரைக்காரர்கள், அப்படியானால் வெள்ளத்துக்கு வழிவிடுவதா என்று எழுந்தார்கள். மூன்றாவது வரியில் கைவைக்கச் சொல்லவில்லை என்றார் மருதையன். படி அதே ஒரு முழம்தான், அதை ஒட்டி எதுவும் கட்டக்கூடாது என்பதை மட்டும் எடுத்துவிட்டு, வாசலுக்கு வருகிற வழியை அந்தந்த ஊர்க் கொத்தனார்கள் யோசிக்கட்டும் என்றார். அதன்மேல் இரண்டு நாள் வாதம் நடந்தது. மூன்றாம் நாள் மலையூர்ப் பெரியவர், எங்கள் ஊரில் இது எதற்கு என்று கேட்டார். மருதையன் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, உங்க ஊர்ல பதினேழு என்றார். பெரியவர் எந்தத் தெரு என்று கேட்டார். மருதையன் சொன்ன தெருக்களில் அவருடையதும் இருந்தது, உட்கார்ந்துவிட்டார்.

வரி ஏறியது. மை ஈரமாகவே இருந்ததால் அன்றைக்கு ஏட்டை மூடவில்லை.

*

சித்திரையில் ஒரு பகல். மருதையன் வேலை இல்லாமல் வீட்டில் படுத்திருந்தார். வாசற்படிக்கு இரண்டு பக்கமும் புதுச் சரிவு, சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

உமையாளின் தட்டு அவருக்குத் தெரியும், மூன்று தடவை, நிதானமாக. வழக்கம்போல வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். பிறகு சத்தம் போடாமல் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அடுக்களைப் பக்கம் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது.

“இருக்கேன்” என்றாள் செவந்தி. “இருங்க, வர்றேன்.”