ராஜாவுக்குக் கடைமடைப் பங்கு

முன்னொரு காலத்திலே, ராஜாக்களுக்குச் சண்டை குறைந்து யோசனை கூடிப்போயிருந்த நாளிலே, ஒரே ஒரு ஏரியை நம்பிப் பிழைத்த நாட்டைக் கீர்த்திமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் தலையில் தோன்றுவது மாலைக்குள் நடந்தாக வேண்டும், அப்படி ஒரு பிடிவாதம். அந்த வருஷம் மழை பொய்த்து ஏரி பாதி வற்றிப் போச்சு. ராஜாவுக்கோ ஓர் ஆசை பிறந்தது. "பூவுலகிலேயே நியாயமான சட்டம் ஒன்று என் பெயரில் கல்லில் நிற்க வேண்டும்!"

ஆசை ராஜாவுடையது, எழுதிக் கொடுத்தது மந்திரி நஞ்சுண்டர். ஊரை இரண்டு கூறாக்கினார். தலைமடைக் கூறு, கடைமடைக் கூறு. தலைமடைக்காரர் நினைத்தபோது நினைத்த அளவு தண்ணீர் எடுக்கலாம், வேலை ஒன்றும் கிடையாது. கடைமடைக்காரர் கூலியில்லாமல் ஏரி தூர்வார வேண்டும், கரை கட்ட வேண்டும், கொடுத்ததைக் குடித்துக்கொண்டு வாய் பேசாமல் இருக்க வேண்டும். கேட்காமல் தண்ணீரைத் தொட்டால் கையை வெட்டுவார்கள். ஐயோ, இதற்குப் பேர் நியாயமாம்! சபையில் ஒருத்தர் விடாமல் "ஆகா, ஆகா" என்று தலையாட்டினார்கள். யார் தலைமடை, யார் கடைமடை என்று கல்லில் எழுதக்கூட இல்லை. "அதை வேறு எழுத வேண்டுமா? பச்சைப் பிள்ளைக்கும் தெரியுமே" என்று விட்டுவிட்டார்கள்.

பறையறைந்து சட்டத்தைச் சொன்ன அன்றே பூவாத்தாள் என்று ஒருத்தி பிடிபட்டாள். ஏரி வேலைக்காரி. மகளுக்குக் காய்ச்சலில் நாக்கு வறண்டு போக, ஓடிப்போய் ஒரு குடம் மொண்டுவிட்டாள். அவ்வளவுதான். மறுநாள் அரண்மனை முற்றத்தில் கல் நட்டார்கள். ஊரே கூடியிருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் கட்டை போட்டு, அதன்மேல் பூவாத்தாளின் கையை வைத்துக் கட்டி, வெட்டுகிறவன் அரிவாளோடு நின்றான்.

அந்தச் சபையில் மருதப்பன் என்று ஒரு விகடகவி உண்டு. அவனைக் கண்டாலே நஞ்சுண்டருக்கு வயிற்றெரிச்சல். "மன்னர் பெருமானே! மருதப்பனார் எதிலும் குறை காண்பவர். இச்சட்டத்தில் ஒரு குறை காட்டட்டும். காட்ட இயலாவிட்டால் அவர் கையும் அந்தக் கட்டையில் இருக்கட்டும்" என்று கொளுத்திப் போட்டார்.

"நல்ல யோசனை. சொல், மருதப்பா! என்ன குறை?" என்றார் ராஜா.

மருதப்பன் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கும்பிட்டான். "குறையே இல்லை பிரபு. ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை."

கூட்டம் திடுக்கிட்டது. பூவாத்தாள் தலை தூக்கி, "அட பாவி மனுசா, நீயுமா?" என்றாள்.

"ஒரே ஒரு சந்தேகம் பிரபு," என்றான் மருதப்பன். "தாங்கள் வேட்டைக்குப் போகிறீர்கள். கறியைக் கூறு போடுகிறவர் தன் பங்கை எப்போது எடுப்பார்?"

வேட்டைப் பேச்சென்றால் ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். "கூறு போட்டவன் கடைசியில்தான் எடுக்க வேண்டும்! இல்லாவிட்டால் கத்தி அவன் பக்கமே சாயுமே. நானே கூறு போட்டாலும் நானே கடைசி. கறியானாலும் காணியானாலும் என் நாட்டில் அதுதான் முறை. இது என் ஆணை!"

"உத்தரவு," என்று மருதப்பன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "கேட்டீர்களா? ஊரை இரண்டு கூறு போட்டாயிற்று. போட்டது சபையார். அதனால் முதலில் எடுக்க வேண்டியது நீங்கள். எந்தக் கூறு வேண்டும்?"

கட்டையில் கை வைத்திருந்த பூவாத்தாள்தான் முதலில் சொன்னாள். "தலைமடை." உடனே முற்றமே இடிந்து விழுவதுபோல் "தலைமடை! தலைமடை!" என்று கத்தினார்கள்.

மிச்சமிருந்த கடைமடை சபையார் தலையில் விழுந்தது. நஞ்சுண்டர் முகம் வெளுத்துப் போச்சு. "இது அநியாயம்! கூலியில்லாமல் நான் தூர்வாருவதா? இந்த இடுப்போடா?" என்று அலறினார். எழுதியபோது அந்த இடுப்பு ஞாபகம் வரவில்லை பாருங்கள்! ராஜாவுக்கோ தொண்டை வறண்டுவிட்டது. பக்கத்துத் தட்டில் இருந்த வெள்ளிச் செம்புத் தண்ணீரை யாரையும் கேட்காமல் எடுத்து மடக் மடக்கென்று குடித்தார்.

அரிவாளோடு நின்றவன் பூவாத்தாளின் கையில் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டான். நேரே ராஜாவிடம் நடந்து வந்தான். கல் சொல்வதைச் செய்வதைத் தவிர வேறொன்றும் அறியாத மனுஷன். கும்பிட்டுவிட்டுக் கேட்டான்:

"பிரபு, வலக்கையா? இடக்கையா?"

ராஜாவின் கையிலிருந்து செம்பு நழுவி உருண்டது. "நான் ராஜாவடா!" என்றார்.

"ஆம் பிரபு," என்றான் மருதப்பன். "ராஜா என்ற சொல் கல்லில் எங்கே இருக்கிறதென்று காட்டுங்கள். இவனை இப்போதே போகச் சொல்கிறேன்."

ராஜா கல்லைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இல்லை. "தாகம் எடுத்தது, குடித்தேன். இதுவும் ஒரு குற்றமா?"

"அதையேதானே சாமி நேத்து நானும் சொன்னேன்," என்றாள் பூவாத்தாள். ராஜா தலை குனிந்துவிட்டார். அவள் வெட்டுகிறவனைப் பார்த்து, "விடுங்கண்ணே. தண்ணி குடிச்சதுக்கு யாராச்சும் கையை வெட்டுவாங்களா?" என்றாள். தலைமடைக்காரி சொல்லிவிட்டாள், அவன் அரிவாளைக் கீழே போட்டான்.

ராஜா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பிறகு, "இரண்டு கூறும் மறுபடி போடப்பட வேண்டும். ஊராருக்குச் சம்மதமா?" என்று கேட்டார். சம்மதம் என்றார்கள். "நஞ்சுண்டரே, நீரே போடும். கடைசியில் எடுக்கப்போவதும் நீரும் நானும்தான்."

அடேயப்பா, அந்த மனுஷன் அன்றைக்குப் பட்ட பாடு! தண்ணீரைச் சரிபாதி வைத்தார். தூர்வாரும் வேலையையும் சரிபாதி வைத்தார். இடுப்பைத் தடவிப் பார்த்து, "முடியாதவர்கள் மண் சுமக்க வேண்டாம்" என்று சேர்த்தார். தன் வீட்டுச் சின்னப் பேரனை நினைத்து, "காய்ச்சல் கண்ட வீட்டுக்கு எந்நேரமும் தண்ணீர் உண்டு" என்றார். தன் வாயைப் பற்றி அவருக்கே தெரியும், அதனால், "குறை சொல்பவரைத் தண்டிக்கக் கூடாது" என்றும் சேர்த்தார். எந்தக் கூறு தன் தலையில் விழுமோ என்ற பயத்தில் வேர்த்து விறுவிறுத்து அவர் கூட்டுவதையும் குறைப்பதையும் பார்க்கப் பார்க்க ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதப்பனுக்குப் போட்டார்.

"அம்மா பூவாத்தாள், கூறு தயார். உங்கள் பக்கம்தான் முதலில் எடுக்க வேண்டும்," என்றார்.

அவள் இரண்டு கூறையும் இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? நீங்களே முதல்ல எடுங்க சாமி. எம்புள்ள வீட்ல தனியா கிடக்கு," என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தாள்.