சாய்ந்து நின்ற அளவு

முன்பொரு முறை, தூத்துக்குடியில் பிலோமினா என்ற பெண் கணினியில் வரைந்த படத்துக்குள் ஓர் அளவுக்கோடு இருந்தது. வாசகசாலையின் மாடிப்படிக்கான படம் அது. படியின் கைப்பிடி எவ்வளவு நீளம் என்று சொல்வதுதான் அளவுக்கோட்டின் வேலை. அது படுத்தவாக்கில் சொகுசாக நீட்டிக்கொண்டு, ‘நான்கு மீட்டர்’ என்றது.

சரிந்து மேலேறிய கைப்பிடி அதைக் குனிந்து பார்த்தது. “நீ சொல்வது உச்சி வெயிலில் விழும் என் நிழலின் நீளம்.”

பக்கத்தில் விறைப்பாக நின்ற இன்னொரு அளவு, “மூன்று மீட்டர் என்று போட்டுக்கொள்” என்றது.

“அது என் உயரம்” என்றது கைப்பிடி. “என் நீளத்தை இன்னும் யாரும் கேட்கவில்லை.”

“உன்னை எப்படித்தான் அளப்பது?” என்றது படுத்திருந்த அளவு.

“என்னோடு சாய்ந்து வா.”

அளவுக்கோட்டுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தப் படம் முழுக்க எல்லா அளவுகளும் ஒன்று படுத்திருந்தன, இல்லையென்றால் நின்றிருந்தன. “சாய்ந்தால் உன் எண்ணும் கோணலாகிவிடும். பார்க்க நன்றாகவா இருக்கும்?” என்று முணுமுணுத்தது நின்ற அளவு.

அப்போது பிலோமினாவின் போன் அடித்தது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பேச்சிராஜா பேசினார். “ஏம்மா, படம் வந்துட்டு. கைப்பிடிக் குழாயை நாலு மீட்டர்லயே வெட்டிரட்டுமா?”

“இருங்க அண்ணாச்சி, ஒரு தடவ பாத்துக்கிடுதேன்.”

“பாரும்மா. வாசகசாலைக்கு வார குளோரி டீச்சருக்குக் கண்ணு தெரியாது. கைப்பிடியப் பிடிச்சுத்தான் ஏறுவாக. மேல போறப்ப கை வெறுங்காத்துல விழுந்திரக் கூடாதுல்லா.”

அளவுக்கோடு அதைக் கேட்டது. தான் சொன்ன எண்ணை நம்பி ஒரு கை காற்றில் துழாவுவதை நினைத்ததும் அதற்குக் கூச்சமெல்லாம் போய்விட்டது. பிலோமினாவின் சுட்டி அருகில் வந்தபோது அது விறைத்துக்கொள்ளவில்லை. ஒரு முனையை அவள் அடிப்படியில் வைத்தாள். மறுமுனையை உச்சிப்படிக்கு இழுத்தாள். அளவுக்கோடு தன்னைத் தளர்த்திக்கொண்டு, கைப்பிடி சாய்ந்த அதே சாய்வில் அதன் பக்கத்திலேயே ஏறிப் படுத்தது. நான்கு மறைந்து ஐந்து வந்தது.

“இப்போது சரிதானா?”

“இதுதான் நான்” என்றது கைப்பிடி.

“எங்களோடு ஒட்டாமல் போய்விட்டாயே” என்றது நின்ற அளவு. குரலில் கோபமில்லை, கொஞ்சம் ஏக்கம்தான் இருந்தது.

புதிய படம் பட்டறைக்குப் போனது. பேச்சிராஜா தாளை மேசையில் விரித்தார். சாய்ந்திருந்த எண்ணைப் படிக்க அவரும் தலையைச் சாய்த்துக்கொண்டார்.