இருபத்திநாலு என்று சொன்ன வண்டி

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யனுக்கு ஐம்பத்திரண்டு. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. கார் ஏ.சி. என்று வந்துவிட்டால் பாளையங்கோட்டை பைபாஸ் ரோட்டில் இசக்கியம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. சுடலைமணி இருபத்தைந்து வருஷம் பஸ் என்ஜினோடு மல்லுக்கட்டியவர். அந்த பஸ்களில் ஏ.சி. ஏது, ஜன்னல்தான். அதனால் இந்த வயதில் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்து சேர்ந்தார். வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

அவர் அவளை இசக்கியம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். திட்டும்போதும் அண்ணாச்சிதான்.

அன்றைக்குப் பகல் இரண்டரைக்கு ஒரு வெள்ளைக் கார் ஷெட்டுக்குள் வந்து நின்றது. ஜவுளிக்கடை திருவேங்கடத்தின் கார். டிரைவர் மரியசூசை இறங்கினார். பதினொரு வருஷமாக அந்த வீட்டு வண்டியை ஓட்டுகிறவர். முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னியோட சரி, இசக்கி. சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சாவியைக் கொடுத்துட்டுப் போயிரணுமாம்."

"என்னண்ணே சொல்லுதீய? எதுக்கு?"

"டீசல் திருடுதேனாம்."

இசக்கி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

மரியசூசை மடமடவென்று சொன்னார். "நேத்து மத்தியானம் மதுரையில இருந்து முதலாளி மகளைக் கூட்டிட்டு வந்தேன். ஏழு மாசம் முழுகாம இருக்கு. பின் சீட்டுல வேகுது வேகுதுன்னு வழியெல்லாம் சொல்லிச்சு. கயத்தாறு தாண்டும்போது மயங்கிச் சரிஞ்சிட்டு. என் உசுரே போயிட்டு. ஆஸ்பத்திரியில பயப்பட ஒண்ணும் இல்லன்னுட்டாவ. ஆனா முதலாளி விடல. நான் ஏ.சி.யைக் குறைச்சு வச்சு ஓட்டி, மிச்சமாகுத டீசலை வெளிய விக்கேனாம்."

"இப்படி ஒரு யோசனை அவருக்கு எப்படி வந்துச்சு?"

மரியசூசை தலையைத் திருப்பினார். சுடலைமணியைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்க?" என்றார் சுடலைமணி. "ரெண்டு வாரத்துல குளிரலன்னு இந்த வண்டி மூணு தடவை வந்துச்சு. மூணு தடவையும் நான்தான் பாத்தேன். கேஸ் சரியா இருக்கு. கம்ப்ரஸர் சரியா இருக்கு. காத்து ஜில்லுனு வருது. நேத்து முதலாளி போன் போட்டுக் கேட்டாரு. வண்டியில ஒரு குறையும் இல்ல, ஓட்டுதவரு எப்படி வைக்காருன்னு பாத்துக்கிடுங்கன்னு சொன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன்?"

இசக்கி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. 

"வண்டியில ஏறுங்க அண்ணாச்சி. பின் சீட்டு. வெயில் விழுத பக்கம்."

"எதுக்கு? இங்கேயே போட்டுக் காட்டுதேனே. அஞ்சே நிமிஷத்துல குளிர் அடிக்கும்."

"ஏறுங்க."

ஏறினார். மரியசூசை ஓட்ட, இசக்கி முன்னால் உட்கார்ந்தாள். ஏ.சி.யை ஆட்டோவில் போட்டு, எண்ணை இருபத்திநாலில் வைத்தாள். கார் நாங்குநேரி ரோட்டில் ஏறியது. ஐப்பசி மாசம் என்று பேர்தான். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

முதல் ஐந்து நிமிஷம் சுடலைமணி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். பிறகு இரண்டாவதை.

"யப்பா! என்ன இது, கொதிக்குது?"

"போர்டுல எவ்வளவு காட்டுது?"

எட்டிப் பார்த்தார். "இருபத்திநாலு."

"அப்ப குளிரத்தானே செய்யணும்."

"எங்க குளிருது? தொடை வேகுது. காத்து மூச்சு விடுத மாதிரி வருது. சூசை, நம்பரைக் குறைச்சு வச்சாத்தான் என்ன?"

"வீட்டம்மா உத்தரவு" என்றார் மரியசூசை. "இருபத்திநாலுக்குக் கீழ கை வைக்கக் கூடாது. மகளுக்குச் சளி பிடிச்சிருமாம்."

சுடலைமணி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் வந்துவிட்டது, யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏன் இசக்கியம்மா, ஆட்டோமேட்டிக்குன்னு பெத்த பேரு வச்சிருக்கான். உள்ள ஒரு மனுஷன் வேகுதது இதுக்குத் தெரியாதா?"

"அதுக்கு என்னென்ன தெரியும்னு நீங்க சொல்லுங்க. ஒன்றரை வருஷமா படிக்கீயளே."

"ஸ்டியரிங்குக்குக் கீழ சின்னதா ஒரு சல்லடை. உள்ள இருக்க காத்தை இழுத்து எவ்வளவு சூடுன்னு பாக்கும். முன் பம்பருக்குப் பின்னால ஒண்ணு. அது வெளிச் சூட்டைப் பாக்கும். கூலிங் காயில்ல ஒண்ணு. ஐஸ் கட்டிராம காவல் காக்கும்."

"பாத்ததை யார்கிட்ட சொல்லும்?"

"கம்ப்யூட்டர் பெட்டிகிட்ட. அது உள்ள இருக்க ஒரு தகட்டைத் திருப்பும். குளிர்காத்துல கொஞ்சம், சுடுகாத்துல கொஞ்சம். குளிக்க வெந்நீர் விளாவுத மாதிரிதான். காத்தாடி எவ்வளவு வேகமா சுத்தணும்னும் அதுதான் சொல்லும். நாம கேட்ட நம்பர் வந்துட்டா வேகத்தைக் குறைச்சிரும்."

"சரி. அந்தச் சல்லடை இருக்க இடத்துல இப்ப எத்தனை டிகிரி இருக்கும்?"

சுடலைமணி குனிந்து பார்த்தார். மரியசூசையின் முழங்காலுக்குப் பக்கத்தில் நல்ல நிழல்.

"அங்க இருபத்திநாலு இருக்கும்."

"நீங்க இருக்க இடத்துல?"

"இங்க அடுப்பு."

"அப்ப வெயில் அடிக்குதுன்னு அதுக்கு யாரு சொல்லணும்?"

அவர் யோசித்தார். பாடம் நடத்தியபோது இன்னொன்று சொல்லியிருந்தாள். நாக்கு நுனி வரை வந்தது, வெளியே வரவில்லை.

அந்த நேரம் எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர் கையை வெளியே நீட்டி, விரல்களை விரித்து விரித்து மூடிக் காட்டிவிட்டுப் போனார். லைட் எரியுது, அணை என்று அர்த்தம்.

"பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுட்டா ஓட்டுதீய?" என்று கேட்டாள் இசக்கி.

"நான் எங்க போட்டேன்? அதுவா எரியுது" என்றார் மரியசூசை. "ரெண்டு வாரமா எதிர்ல வர்றவன் எல்லாம் இப்படித்தான் கையைக் காட்டுதான். எனக்கும் மானம் போகுது."

"ரெண்டு வாரம்னா எப்பல இருந்து?"

"ஆயுத பூஜைக்கு மறுநாள்ல இருந்து."

"வண்டியை ஓரங்கட்டுங்க."

காரின் டாஷ்போர்டுக்கு மேலே, முன் கண்ணாடியை ஒட்டி, ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். பாதிக் கொட்டைப்பாக்கு அளவுதான். வெயில் எவ்வளவு அடிக்கிறது என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. இந்த மாதிரி வண்டிகளில் இருட்டிவிட்டதா என்று பார்த்து விளக்கைப் போட வைப்பதும் அதுதான். இந்த வண்டியில் அந்தக் குமிழ் கறுப்பாக இல்லை. சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, காய்ந்து இறுகி, மங்களகரமாக இருந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"ரெண்டு வாரமா என் கண்ணு முன்னாலதான் இருந்துச்சு" என்றார் மரியசூசை. "பூஜைப் பொட்டு. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், நாம கை வைக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன். இதுக்குப் போய் இவ்வளவு பாடா?"

சுடலைமணியின் முகம் கறுத்தது. பூஜையன்று இந்தக் கார் ஃபில்டர் சுத்தம் பண்ண ஷெட்டுக்கு வந்திருந்தது. ஷெட்டில் இருந்த அத்தனைக்கும் பொட்டு வைத்தவர் அவர்தான். வெல்டிங் மெஷினுக்கு வைத்தார், தராசுக்கு வைத்தார், சிலிண்டருக்கு வைத்தார். நின்ற கார்களின் ஸ்டியரிங்குக்கும் வைத்தார்.

"நான்தான் வச்சேன்" என்றார். "கறுப்பா, உருண்டையா, பாக்க நல்லா இருந்துச்சு. இதுக்கும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு வச்சேன்."

இசக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள். அவர் துண்டின் முனையை நனைத்து, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி அந்தக் குமிழைத் துடைத்தார். முன் விளக்கு அணைந்தது. அரை நிமிஷம் போயிருக்கும், காற்றின் சத்தம் ஏறியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பின் சீட் வரை குளிர் வந்து சேர்ந்தது. எண் மாறவில்லை. அதே இருபத்திநாலு.

மரியசூசை ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "இயேசுவே" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

திரும்பி வரும்போது சுடலைமணி முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பேசினார்.

"இசக்கியம்மா, முதலாளிகிட்ட சென்சார் கோளாறுன்னு சொல்லிருவோம். மாத்தியாச்சுன்னு சொல்லிருவோம். சூசை வேலையும் பிழைக்கும், நம்ம கடை பேரும் பிழைக்கும்."

"சென்சார் என்ன பாவம் பண்ணிச்சு?"

"அப்ப நான் பொட்டு வச்சதைச் சொல்லணுமா? ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போட்டும். பொட்டு துடைச்சதும் போயிட்டு. போன்ல சொன்னீங்களே, அதை எதைக் கொண்டு துடைப்பீய?"

அவர் பின்னால் சாய்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி முன்னால் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"நான் பொய் சொல்லலையே, இசக்கியம்மா. மூணு தடவையும் போட்டுப் பாத்தேன். மூணு தடவையும் குளிர்ந்துச்சு. பாத்ததைத்தானே சொன்னேன்?"

"எங்க வச்சுப் பாத்தீய?"

"ஷெட்டுக்குள்ள."

"இந்த வண்டியும் பொய் சொல்லல அண்ணாச்சி. நிழல்ல பாத்துச்சு, இருபத்திநாலுன்னு சொல்லிச்சு."

ஜவுளிக்கடை வாசலில் கார் நின்றதும் அவர்தான் முதலில் இறங்கினார்.

திருவேங்கடம் மாடியில் சேலைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மணி நாலு. மரியசூசை சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். இசக்கி பேசப் போகிறாள் என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

சுடலைமணி செருமினார்.

"முதலாளி, சூசை மேல தப்பு இல்ல. அவரு இருபத்திநாலுலதான் வச்சிருந்தாரு. வெயிலைப் பாக்குத கண்ணுக்கு மேல பூஜையன்னைக்குப் பொட்டு வச்சு அடைச்சவன் நான். அதனால வெயிலே இல்லன்னு நினைச்சு வண்டி காத்தைக் குறைச்சிட்டு. நான் ஒரு தடவைகூட வெயில்ல ஓட்டிப் பாக்கல. நிழல்ல வச்சுப் பாத்துட்டு, வண்டி நல்லா இருக்கு, டிரைவரைப் பாருங்கன்னு சொன்னேன். என்னை என்ன சொன்னாலும் சொல்லுங்க."

திருவேங்கடம் எழுந்துவிட்டார். "என்னவே சொல்லுதீரு? என் பிள்ளை மயங்கி விழுந்திருக்கா! நான் இந்த மனுஷனைத் திருடன்னு சொல்லி, வேலையை விட்டுப் போன்னு..."

 சுடலைமணி தலை குனிந்து நின்றார். திட்டு விழும் என்று நின்றார். திருவேங்கடம் மரியசூசையைப் பார்த்தார், உடனே பார்வையை மாற்றிக்கொண்டார். சாவியை விரலால் மேஜை விளிம்புக்குத் தள்ளினார்.

"அஞ்சரைக்குப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கூட்டிட்டுப் போகணும். வண்டியை வாசலுக்குக் கொண்டா."

மரியசூசை சாவியை எடுத்தார்.  படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது.

திருவேங்கடம் உட்கார்ந்தார். அவருக்கு ஆறவில்லை. இசக்கியிடம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. போர்டுல இருபத்திநாலுன்னு காட்டுது. மெக்கானிக்கு வண்டி நல்லா இருக்குங்கான். டிரைவர் மட்டும் வேகுது வேகுதுன்னு ரெண்டு வாரமா வந்து நிக்கான். நான் யாரைத்தான் நம்ப?"

"வேர்த்து நின்னவரை" என்றாள் இசக்கி.