இரண்டு கறுப்புக் கார்கள்

கோத்தகிரியில் போஜன் மாஸ்டரிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் யாரும் அவரிடமிருந்து நேரான பதில் ஒன்றை வாங்கியதில்லை. ஜெசிந்தா அது தெரிந்தேதான் கேட்டாள்.

"சின்ன இன்ஜின் எடுக்கட்டுமா மாஸ்டர், பெரிய இன்ஜினா?"

அவர் பயிற்சிக் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பையன் சாப்பிடுறானா?"

பையனுக்காகத்தான் கார். இரண்டு வயது ஏட்ரியனுக்கு இதயத்தில் ஆபரேஷன் முடிந்து நான்கு மாதமாகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு மலையிறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். சின்ன வண்டியில் குலுங்கினால் வாந்தி எடுப்பான். உதடு நீலம் பூக்கும். போன முறை வாடகைக் கார் மலை நடுவில் படுத்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் மூடுபனியில் அவனை மடியில் போட்டுக்கொண்டு அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். கணவர் எங்கோ நடுக்கடலில், கப்பலில். அன்றைக்கே முடிவு செய்தாள்: இனி வண்டியும் தன்னுடையது, ஸ்டியரிங்கும் தன்னுடையது.

மேட்டுப்பாளையத்தில் பழைய கார் விற்கும் மஸ்தான் பாயிடம் இரண்டு இருந்தன. பதினாறு வருடப் பழசு. ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு. ஒரு காலத்தில் மில் முதலாளிகள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து போன வண்டிகள். கட்டில் மெத்தை மாதிரி சீட். ஒன்றில் இரண்டு லிட்டர் இன்ஜின், மற்றதில் மூன்று. வேறு வித்தியாசம், டிக்கியில் ஒட்டியிருந்த 2.0, 3.0 என்ற எண் மட்டும்தான்.

மலைக்கு தம் வேணும், பெரியதை எடுங்க அண்ணி என்றான் கொழுந்தன். லேடீஸ் கைக்குச் சின்னதுதான் அடங்கும் என்றார் பாய். அவளுக்கு இரண்டும் பயம். சின்னது வளைவில் மூச்சுத் திணறி நின்றுவிடும். பெரியது இறக்கத்தில் பிய்த்துக்கொண்டு ஓடும். லைசன்ஸ் வாங்கி எட்டு மாதமாகியும் அவள் கடைவீதியைத் தாண்டி ஓட்டியதில்லை.

மறுநாளும் போய்க் கேட்டாள்.

"சனிக்கிழமை கீழே போவோம்," என்றார் மாஸ்டர்.

சனிக்கிழமை ஏட்ரியனை மாமியாரிடம் விட்டுவிட்டு அவரோடு பஸ்ஸில் இறங்கினாள். பாய் கடையில் அவளை டீ குடிக்கச் சொல்லிவிட்டு மாஸ்டர் உள்ளே போனார். அவள் போய்ப் பார்த்தபோது இரண்டு கார்களின் டிக்கி எண்கள்மேலும் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அவற்றில் ஒரு கார் வெளியே வந்து நின்றது. டிக்கியில் மூன்று மூட்டை உருளைக்கிழங்கு. பின் சீட்டில் இரண்டு.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். மேலே விளையும் கிழங்கை லாரியில் கீழே கொண்டுவருவார்கள், அதைச் சொகுசுக் காரில் ஏற்றித் திரும்ப மேலேயே கொண்டுபோகும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

"நீங்களும் ஏறுங்க பாய். வெயிட் பத்தல," என்றார் மாஸ்டர்.

"இது எது மாஸ்டர்? சின்னதா, பெரியதா?"

"ஏசியைப் போடுங்க."

அவள் ஓட்டினாள். சமவெளி முடிந்து பாக்குத் தோப்புகள் பின்னால் போயின. மலை ஆரம்பித்தது. பின்னால் பாய் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

செங்குத்தான ஒரு கொண்டை ஊசி வளைவில் மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக். இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. சாவி."

கொடுத்தாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப எடுங்க."

பின்னால் சிமெண்ட் லாரி ஒன்று வந்து நின்றது. மேலே அரசு பஸ் ஒன்று நிறைசூலி மாதிரி அசைந்து இறங்கி வந்தது.

"மாஸ்டர், இது ஒண்ணை மட்டும் நீங்க எடுத்துக் கொடுங்களேன்."

அவர் ஜன்னல் வழியே குரங்கு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின் சீட்ல ஏட்ரியன் இருந்தா?" என்று கேட்டாள்.

"இருப்பான்," என்றார்.

மேலே பஸ் நின்றுவிட்டது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. அதுதான் சட்டம், அதுதான் மரியாதை. டிரைவர் ஜன்னலில் கையை நீட்டி, வாங்க என்றார். பஸ் முழுக்க முகங்கள் எட்டிப் பார்த்தன.

சாவியைத் திருகினாள். ஆக்சிலேட்டரை மிதித்து, கிளட்ச்சை நூல் நூலாக விட்டாள். ஓர் இடத்தில் இன்ஜினின் குரல் கனத்தது. பானெட் லேசாக மூக்கைத் தூக்கியது. இதுதான். ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள்.

வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை. ஐந்து மூட்டையையும் பாயையும் மாஸ்டரையும் தூக்கிக்கொண்டு, வளைவை முழுசாகச் சுற்றி, பஸ்ஸின் பக்கத்தில் ராணி மாதிரி ஏறிப் போனது.

அடுத்த வளைவில் மாஸ்டர் நிறுத்தச் சொல்லவில்லை. அவளே நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள், மறுபடி எடுத்தாள். அதற்கடுத்த வளைவிலும் அப்படியே செய்தாள். அம்மா தாயே, வீடு போய்ச் சேரணும் என்று பாய் கும்பிடு போட, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து எத்தனை மாதம் ஆகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

கோத்தகிரி வந்தபோது பனி விலகித் தேயிலைச் சரிவெல்லாம் வெயில். இறங்கி, சூடேறிய பானெட்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"பாய், இதே வண்டி. பேப்பர் வேலையைப் பாருங்க."

பிறகு மாஸ்டரிடம் திரும்பினாள்.

"வாங்கிட்டேன். இப்பவாவது சொல்லுங்க மாஸ்டர். இது சின்ன இன்ஜினா, பெரிய இன்ஜினா?"

மாஸ்டர் ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"உங்களுக்காக நின்னாரே பஸ் டிரைவர், அவர் கேட்டாரா?"